கட்டினவங்க முன்னாடி

மாமாவின் தொப்பையைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரே யோசனைதான் ஓடும். இது கல்லும் மண்ணுமான தரையில் போய் மோதினால் என்ன சத்தம் வரும்? இரண்டு வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகத்தான் அவள் காலையில் எழுந்து பல் விளக்கிக்கொண்டிருந்தாள் என்று சொன்னால் அது மிகையில்லை.

மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். நீர்த்தேக்கத்துக்குள் நுழையும் இரும்புக் கேட்டுக்கு எதிரே இருக்கும் மலைச் சைக்கிள் வாடகைக் கடை அவருடையது. முன்பக்கம் கண்ணாடி, வரிசையாக ஹெல்மெட்டுகள், சுவரில் மாமாவின் பெரிய படம். படத்தில் சைக்கிளோடு காற்றில் பறந்துகொண்டிருப்பார். தொப்பை வருவதற்கு முன்னால் எடுத்தது. அதன் கீழே ‘இந்தப் பாதைகளை உருவாக்கியவர்’ என்று எழுதியிருக்கும். பின்பக்கம் ஜன்னல் இல்லாத பட்டறை. கோணிப்போன சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டி, சுற்றிவிட்டு, எந்தக் கம்பி இழுக்கிறது எது தளர்ந்திருக்கிறது என்று பார்த்து முறுக்குகிற வேலை அவளுக்கு. பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டி, கிரீஸ் பிடித்த துணி, ஒரு கால் ஆடுகிற ஸ்டூல், இவைதான் அவளுடைய சொத்து.

உண்மையில் பாதையை உருவாக்கியவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நீர்த்தேக்கத்தைச் சுற்றி மேடும் பள்ளமுமாக, மரங்களுக்கு நடுவே நுழைந்து, சில இடங்களில் தண்ணீரின் ஓரத்தை உரசிக்கொண்டு போகும் அந்தப் பாதையில் அவள் மண்வெட்டி படாத இடமே கிடையாது. மழையில் குடை இல்லாமல் போய் நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வருவாள். வெயில் வந்ததும் அதற்குத் தகுந்தபடி பாதையைச் சரித்து வெட்டுவாள். எந்நேரமும் மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கிறாளே என்று மாமாதான் அவளுக்குப் ‘பெருச்சாளி’ என்று பேர் வைத்தார். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. அவளுக்கும் அதில் வருத்தமில்லை. பெருச்சாளி கட்டின ஜம்ப் என்றால் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கலாம் என்று சைக்கிள்காரர்கள் பேசிக்கொள்வார்கள். படம் அவருக்கு இருக்கட்டும், பேச்சு எனக்கு இருக்கிறது என்று விட்டுவிட்டாள். பெருந்தன்மையான பெண்ணாக இருந்தாள், ஒரு காலத்தில்.

அந்தப் பாதையில் ஒரு வழக்கம் உண்டு. சைக்கிள் ஏறிப் பறப்பதற்காகக் கட்டுகிற மண்மேட்டைத்தான் ஜம்ப் என்பார்கள். உள்ளே கல்லை அடுக்கி, மேலே ஈரமண் போட்டு, மண்வெட்டியின் பின்பக்கத்தால் அறைந்து அறைந்து வழவழப்பாக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லா மேடும் ஒன்றுதான். உள்ளே என்ன இருக்கிறது என்பது கட்டினவருக்கு மட்டும்தான் தெரியும். அதனால் புதிதாக ஒன்று கட்டினால் கட்டினவர்தான் முதலில் குதிக்க வேண்டும். ‘கட்டினவங்க முன்னாடி’ என்பார்கள். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் அதை மீறினவரை மறுநாள் யாரும் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள்.

மீறினவர் ஒருவர் உண்டு. மீறினார் என்று யாருக்கும் தெரியாததால் அவர் படம் இன்னும் சுவரில் தொங்குகிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பாதையின் கடைசி வளைவில், தண்ணீர் பளிச்சென்று கண்ணில் படுகிற இடத்தில் ஒரு ஜம்ப் வேண்டும் என்று மாமாவுக்கு ஆசை வந்தது. அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். எழுந்து தண்ணீர் குடிக்கக்கூடத் தெம்பில்லாமல் அக்கா வீட்டு உள்ளறையில் கிடந்தாள். மாமாவுக்குப் பொறுக்கவில்லை. தானே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பாதி கட்டும்போது கல் தீர்ந்துவிட்டது. கரைக்கு இறங்கிக் கல் சுமந்து வர உடம்பு வணங்கவில்லை. கையெட்டும் தூரத்தில் கிடந்த காய்ந்த சுள்ளியையும் சருகையும் வலது பக்கத்தில் போட்டு நிரப்பி, மேலே மண்ணை அப்பி, மெழுகிவிட்டார்.

மறுநாள் முதல் ஆளாக வந்தவர் பள்ளிக்கூடத்து டிரில் டீச்சர். ஊரிலேயே வேகமாக ஓடக்கூடிய பெண். ஓட்டமும் சைக்கிளும்தான் அவருக்கு உயிர்.

“கட்டினவங்க குதிச்சாச்சா?” என்று டீச்சர் கேட்டார்.

“நம்ம பெருச்சாளிதான் கட்டினா. நேத்தே குதிச்சுப் பார்த்துட்டா. நீங்க தைரியமா போங்க டீச்சர்” என்றார் மாமா.

அந்தப் பேரை நம்பித்தான் டீச்சர் போனார். முன்சக்கரம் வலது பக்கத்தில் ஏறியது, மண் உள்ளே அமுங்கியது, சைக்கிள் அப்படியே நின்றது, டீச்சர் மட்டும் பறந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆம்புலன்ஸ் போன கையோடு மாமா அந்த மேட்டை வெட்டிச் சாய்த்துவிட்டார். “வேற யாரும் விழக்கூடாதுல்ல” என்றாராம். அதற்கும் ஊர் அவரைப் பாராட்டியது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். காய்ச்சல் விட்டு அவள் வெளியே வந்தபோது, டீச்சர் இடுப்பை உடைத்தவள் என்ற பேர் அவளுக்கு முன்னால் தெருவுக்கு வந்து நின்றது. கடைசி வளைவுக்குப் போய்ப் பார்த்தாள். புதருக்குள் வாரி எறிந்திருந்த சுள்ளிகளில் மண்கட்டி காய்ந்து ஒட்டியிருந்தது. இடது பக்கம் கல் இருந்த தடம், வலது பக்கம் ஒன்றுமில்லை. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நேராக அக்காவிடம் போனாள்.

“அக்கா, நான் அன்னிக்குப் படுக்கைல கிடந்தேன். மாத்திரை குடுத்ததே நீதானே. நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியையே மறுபடி உதறி மடித்தாள்.

“சொன்னா கடைய மூடிடுவாங்கடி. ரெண்டு பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? நீ ஒண்டிக்கட்ட. உனக்குப் பேர் போனா சோறு போயிடாது.”

அந்த இரண்டு வரியை அவள் மறக்கவேயில்லை. பேர் போனால் சோறு போகாதுதான். அதே பட்டறையில், அதே ஸ்டூலில், அதே மாமாவிடம் சம்பளம் வாங்கித்தான் சாப்பிட்டாள். ஒவ்வொரு கவளமும் தொண்டையில் நின்று நின்று இறங்கியது.

ஆஸ்பத்திரிக்குத் தினமும் போனாள். மாமா ஒரு நாள்கூடப் போகவில்லை. பழத்தட்டு மட்டும் அனுப்பினார். முதலில் டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். நர்சுகள் இரண்டு பேர் சேர்ந்து டீச்சரைத் தூக்கிக் கழிப்பறைக்குக் கொண்டுபோகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். “நான் கட்டல டீச்சர்” என்று மட்டும் சொல்லுவாள். டீச்சர், “என் காலுக்குக் கீழ தரை உள்ள போச்சு, அது மட்டும்தான் எனக்குத் தெரியும்” என்பார். டீச்சர் வேகமாக வந்ததால் விழுந்தார், அதோடு ஜம்ப்பின் சரிவும் பெருச்சாளி தப்பாகக் கட்டினது என்று மாமா ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். தரை உள்ளே போன கதையை யாரும் காதில் வாங்கவில்லை.

கோல் ஊன்றி நடக்க ஆரம்பித்த பிறகு டீச்சர் ஒருநாள் பட்டறைக்கே வந்து, வாசலில் நின்றபடி சொன்னார்: “நீ கட்டலன்னு எனக்கும் சில நேரம் தோணுதும்மா. ஆனா நிச்சயமா சொல்லத் தெரியல.” அந்தச் ‘சில நேரம்’தான் அவளுக்கு உலகத்தில் மிச்சமிருந்த மரியாதை.

தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். தெய்வத்துக்கு நேரம் இருக்கிறது, நிற்கும். அவளுக்குப் பட்டறையில் நாள் முழுக்கச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

வழி மாமாவே கொண்டுவந்து கொடுத்தார். இத்தனை நாளாகக் கயிறு கட்டி மூடிவைத்திருந்த கடைசி வளைவைத் திறக்க அணை அலுவலகத்தில் அனுமதி கிடைத்தது. அன்று மத்தியானம் பட்டறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, வேறு ஸ்டூல் இல்லாததால் டயர் குவியல்மேல் உட்கார்ந்தார்.

“பெருச்சாளி, நீ போய் ஒரு நல்ல ஜம்ப்பா கட்டிடு. ஆனா வெளிய மூச்சு விடாத. உன் பேரச் சொன்னா யாரும் சைக்கிள எடுக்க மாட்டாங்க. நான் கட்டினதா இருக்கட்டும்.”

“நீங்க கட்டினதுன்னா நீங்கதானே மாமா முன்னாடி குதிக்கணும்.”

“அதுக்கென்ன. நீ கட்டினத நான் எதுக்குப் பார்க்கணும்? கண்ண மூடிக்கிட்டுப் போவேன்” என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் களங்கமே இல்லை. இதுதான் வேடிக்கை. அவள் கையைப் பற்றி ஊரெல்லாம் பொய் சொன்ன மனுஷன், ஊரிலேயே அந்தக் கையை முழுசாக நம்பினவர்.

அவள் உடனே சம்மதித்தாள். சம்மதித்த வேகத்தில் அவருக்குக் கொஞ்சமாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நம்மைப் பற்றி நாமே நல்லவிதமாக நினைத்துக்கொண்டால் வருகிற வினை அது.

காலை வேளைகளில் கடை திறக்குமுன் போய்க் கட்டினாள். புதிதாக எதுவும் யோசிக்கவில்லை. அன்று மாமா கட்டின ஜம்ப்பின் படங்கள் பலரிடம் இருந்தன. திறக்கிற அன்று எடுத்தவை, டீச்சர் விழுவதற்குச் சற்று முன்னால் எடுத்தவை. அவற்றைப் பார்த்துப் பார்த்து அதே இடத்தில், அதே உயரத்தில், அதே அவலட்சணமான சரிவோடு கட்டினாள். இடது பக்கம் கல். வலது பக்கம் சுள்ளியும் சருகும். அந்த வளைவு இடப்பக்கம் திரும்புவது. வேகமாக வருகிற சக்கரம் தன்னால் வெளியே தள்ளப்பட்டு வலது பக்கத்தில்தான் ஏறும். மேலே மண்ணைப் போட்டு அறையும்போது ஒவ்வொரு அறையையும் ரசித்து அறைந்தாள். ஒரு கெட்ட வேலையை நல்ல வேலை மாதிரி செய்வதற்கு எவ்வளவு நுணுக்கம் வேண்டியிருக்கிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மாமா சாக வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. சாவு சுலபம், மாலை போட்டு மறந்துவிடுவார்கள். கோல் ஊன்ற வேண்டும். கழிப்பறைக்கு இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எந்த இடத்தில் அவள் பேரைப் புதைத்தாரோ அதே இடத்தில், அதே மாதிரி விழ வேண்டும். வேறு யாரும் தவறி ஏறிவிடக் கூடாது என்று பாதையின் குறுக்கே இரட்டைக் கயிறு கட்டி முடிச்சுப் போட்டாள். மற்றவர்களிடம் அவளுக்குப் பகையில்லை.

திறப்பு நாள் வந்தது. கடைக்கு முன்னால் ஒலிபெருக்கி, பலகையில் மறுபடி மாமாவின் படம். அணை அலுவலகத்து இன்ஜினியர் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தார். சைக்கிள்காரர்கள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி கூடியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நாடா வெட்ட டிரில் டீச்சரையே அழைத்துவந்து நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார் மாமா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு. இவர் அந்தப் பூசணிக்காயையே பந்திக்குத் தலைமை தாங்கச் சொன்னவர்.

“டீச்சருக்கு நடந்ததுக்குப் பிறகு எனக்குத் தூக்கமே இல்ல” என்று மைக்கில் சொன்னார். “அதனால இந்தத் தடவ யாரையும் நம்பல. இந்தக் கையாலேயே கட்டினேன். நீங்க எல்லாரும் பார்க்க, நானே முன்னாடி குதிக்கிறேன்.”

கையை உயர்த்திக் காட்டினார். மண்வெட்டி பிடித்த கையா அது? பூ மாதிரி இருந்தது. அவள் கூட்டத்தின் பின்னால் நின்று, கிரீஸ் படிந்த தன் உள்ளங்கையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் கடைசி வளைவுக்கு நடந்தார்கள். டீச்சர் கோலோடு வந்ததால் மெதுவாகத்தான் போக முடிந்தது. டீச்சர் நாடாவை வெட்டி, கயிறு முடிச்சை அவிழ்த்தார். மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய், வளைவைத் தாண்டினார். மேட்டைப் பார்த்தார்.

நின்றுவிட்டார்.

முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. நிறம் மட்டும் போய்விட்டது. தான் பெற்ற பிள்ளையை யாருக்குத்தான் அடையாளம் தெரியாது? அவர் மேட்டுக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. மெதுவாகத் திரும்பி, கூட்டத்தில் அவளைத் தேடினார். கண்ணும் கண்ணும் சந்தித்தன. இருவருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. ‘ஏறுங்க மாமா’ என்று அவள் மனதுக்குள் சொன்னாள். ‘கண்ண மூடிக்கிட்டு ஏறுங்க.’

மாமா தொண்டையைச் செருமினார். அவருடைய மூளையைக் குறைத்து எடைபோட்டது அவள் தப்பு.

“ஒரு உண்மையச் சொல்லணும்” என்றார் கூட்டத்தைப் பார்த்து. “இத நான் கட்டல. என் மச்சினி கட்டினது. ரெண்டு வருஷமா ஒதுங்கியே கிடக்குறாளே, அவளுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம்னுதான் வெளிய சொல்லாம வெச்சிருந்தேன். பெருச்சாளி, வாம்மா முன்னாடி. இது உன் நாள்.”

இரண்டு வருஷம் ஒதுக்கிவைத்தது போதும் என்று நினைத்தோ என்னவோ, கூட்டம் கைதட்டியது. எத்தனை வருஷமாக அவள் ஏங்கின கைதட்டல். நீர்த்தேக்கம் முழுக்கச் சுற்றிப் பாதை போட்டவளுக்கு ஒருநாளும் கிடைக்காதது, இந்த ஒரு சண்டாள மேட்டுக்குக் கிடைத்தது. அவருடைய வாயிலிருந்து அவளைப் பற்றி வந்த முதல் உண்மையும் அதுதான்.

“அப்போ அவங்கதான் குதிக்கணும்” என்றது ஒரு குரல். “கட்டினவங்க முன்னாடி.”

டீச்சர் மட்டும் தட்டவில்லை. கோலை ஊன்றி மேட்டைச் சுற்றி வந்தார். சரிவைப் பார்த்தார், பின்னால் தெரிந்த தண்ணீரைப் பார்த்தார், மறுபடி சரிவைப் பார்த்தார்.

“இது அதே ஜம்ப்” என்றார். “நான் விழுந்தது. தினம் கண்ண மூடினா இதுதான் வருது, எனக்குத் தெரியாதா. ஒரு பிடி மண்ணு மாறல.” பிறகு அவளிடம் திரும்பினார். “அப்போ அன்னிக்குக் கட்டினதும் நீதான். கட்டல கட்டலன்னு என் கட்டில் பக்கத்துல உட்கார்ந்து சொன்னியே. நான்கூட நம்பப் பார்த்தேன்.”

கைதட்டல் ஓய்ந்தது. கூட்டம் அவளைப் பார்த்த பார்வை மாறியது. அவளுக்குத் தலையில் கல் விழுந்த மாதிரி இருந்தது. என்ன காரியம் செய்துவிட்டாள். எந்த மேட்டைத் தான் கட்டவில்லை என்று இரண்டு வருஷமாகத் தொண்டை வறளக் கத்தினாளோ, அதே மேட்டைத் தன் கையால், ஒரு பிடி மண் மாறாமல், கட்டி வைத்திருக்கிறாள். மாமா சொன்ன பொய்க்கு இதைவிடப் பெரிய சாட்சி அவரே தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது. டீச்சரின் அந்தச் ‘சில நேரம்’ போயே போய்விட்டது.

மாமாவுக்கும் அது புரிந்தது. சைக்கிளை அவள் பக்கம் மெதுவாகத் தள்ளிவிட்டார்.

உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அவள்தான் இரண்டு தடவையும் குற்றவாளி. இடது ஓரமாக ஏறித் தப்பித்துக்கொண்டால் அடுத்து வருகிறவர் விழுவார். ஒரு நிமிஷம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளுக்குள் இருந்த பகை, அடிபட்ட பாம்பு மாதிரி மறுபடி தலை தூக்கியது. இந்த மேட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். அவர் பார்த்துக்கொண்டே நிற்கட்டும். வாயை மூடிக்கொண்டு மச்சினி விழுவதைப் பார்க்க முடிகிறதா, பார்ப்போம். மூடியே இருந்தால் அந்தப் பாவத்தோடு சாகும்வரை அக்கா பக்கத்தில் படுக்கட்டும். திறந்தால் மாட்டினார்.

“நான் குதிக்கிறேன்” என்றாள்.

கூட்டத்திலிருந்து அக்கா ஓடிவந்து சைக்கிளைப் பிடித்தாள். “உன் முகமே சரியில்ல. வேண்டாம்டி.”

“விடுக்கா. பேர் போனாலும் சோறு இருக்கே” என்று அக்காவின் கையை எடுத்துவிட்டாள்.

சைக்கிளை வளைவின் உச்சிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். ஏறி உட்கார்ந்தாள். மிதித்தாள். பாதை அவளுடையது, எந்த இடத்தில் எந்தக் கல் என்று சக்கரத்துக்கே தெரியும். வளைவில் சாய்ந்தாள், வெளியே தள்ளியது, தள்ளட்டும் என்று விட்டாள். முன்சக்கரம் மேட்டின் வலது பக்கத்துக்கு நேராக வந்தது. அவள் மேட்டைப் பார்க்கவில்லை, மாமாவைத்தான் பார்த்தாள்.

மாமாவின் வாய் திறந்தது.

“ஏய், வலது பக்கம் ஏறாத. உள்ள வெறும் சுள்ளி. இடது ஓரம் வா, இடது ஓரம்.”

அவர் தன்னை மறந்து கத்தினார். என்ன இருந்தாலும் தூக்கி வளர்த்த மச்சினி. அவள் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தாள். வேகம் பாதிதான் குறைந்தது. முன்சக்கரம் மேட்டில் ஏறியது, மண் பொக்கென்று உள்ளே போனது, அவள் கைப்பிடிக்கு மேலாகக் கவிழ்ந்து பக்கவாட்டில் விழுந்தாள். மணிக்கட்டு மடங்கி, உள்ளே ஏதோ முறிந்தது. உடைந்த மேட்டிலிருந்து சுள்ளிகள் நீட்டிக்கொண்டு நின்றன.

யாரும் அவளிடம் ஓடவில்லை. எல்லாரும் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் நடந்து வந்து, கோலின் முனையால் ஒரு சுள்ளியை நெம்பி எடுத்தார்.

“கடைக்காரரே, நீங்க இது பக்கத்துலயே போகலையே. உள்ள சுள்ளின்னு எப்படித் தெரிஞ்சுது?”

“பார்த்தா தெரியுது டீச்சர்.”

“எனக்குத் தெரியல. இன்ஜினியர் சார், உங்களுக்குத் தெரிஞ்சுதா?”

இன்ஜினியர் தொப்பியைக் கழற்றி, இல்லை என்று தலையாட்டினார்.

“தரை உள்ள போச்சுன்னு நான் சொன்னேன்” என்றார் டீச்சர். குரல் உயரவேயில்லை. “வேகமா வந்து விழுந்தேன்னு நீங்க சொன்னீங்க. வலது பக்கம் ஏறாதன்னு இன்னிக்கு இவகிட்ட சொன்னீங்களே, அத அன்னிக்கு என்கிட்டச் சொல்லியிருந்தா என்ன?”

மாமா அக்காவைப் பார்த்தார். இரண்டு வருஷம் துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா, இந்தத் தடவை மடிப்பதற்கு ஒன்றுமில்லாமல் கையைப் பிசைந்தாள்.

“அந்த வாரம் பூரா என் தங்கச்சி காய்ச்சல்ல கிடந்தா. வாசப்படி தாண்டல” என்றாள். சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கூட்டத்தில் யாரோ காறித் துப்பினார்கள். மாமா தரையைப் பார்த்தார். தொப்பை மோதாமலே அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. மண்ணில் கிடந்த அவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. சந்தோஷம் வரவில்லை என்று பொய் சொல்லக்கூடாது. வந்தது, வலியைத் தாண்டி வந்தது. டீச்சர் தன் பக்கம் திரும்பியதும் சிரிக்கக்கூடச் செய்தாள்.

டீச்சர் சிரிக்கவில்லை. கையில் அந்தச் சுள்ளி இருந்தது.

“அவரு கல்லு சுமக்க வணங்காம இத வெச்சாரு. நீ எதுக்கு வெச்ச?”

அவள் சுள்ளியைப் பார்த்தாள்.

“அவரு விழணும்னா?”

“ஆமா டீச்சர்.”

“என்னை மாதிரியே.”

அவள் தலையசைத்தாள்.

“அவரு ஒரு நாளும் ஆஸ்பத்திரிப் பக்கம் வரல. இடுப்பு உடஞ்சா என்ன ஆகும்னு அவருக்குத் தெரியாது. நீ தினம் வந்த. ரெண்டு பேரு என்னத் தூக்கிட்டுப் போறப்போ கதவப் பிடிச்சிக்கிட்டு நின்ன. எல்லாத்தையும் பார்த்துட்டுத்தான் இத கட்டியிருக்க.”

டீச்சர் சுள்ளியை அவள் மடியில் போட்டார். கோலை ஊன்றிக்கொண்டு, வந்த வழியே நடந்தார். இன்ஜினியர் பின்னால் போனார். சைக்கிள்காரர்கள் ஒவ்வொருவராகச் சைக்கிளைத் திருப்பினார்கள். அவளைச் சுற்றிக்கொண்டு போனார்களே தவிர யாரும் குனியவில்லை. அக்கா இரண்டடி அவள் பக்கம் வந்தாள், பிறகு என்ன நினைத்தாளோ, டீச்சருக்குக் கைத்தாங்கலாகப் பின்னாலேயே ஓடினாள்.

அவள் எழப் பார்த்தாள். ஊன்றுகிற கை முறிந்திருந்தது. நிமிர்ந்தபோது மாமா மட்டும் நின்றுகொண்டிருந்தார். மெதுவாக வந்து, அந்தப் பூப்போன்ற கையை அவளிடம் நீட்டினார். எழுந்திருப்பதற்கு வேறு கை அங்கே இல்லை.